‘இருந்தாலும்’ என்னும் சொல்: வாசகர் கேள்வி – பதில்

எல்லையோர ஊர்களில் வாழும் நாம் திரையிலும் எழுத்திலும் எப்படிக் காட்டப்படுகிறோம் என்று சென்ற இதழில் ஒரு பதிலின் நடுவே குறிப்பிட்டிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு கொழிஞ்சாம்பாறையிலிருந்தும் மூணாற்றிலிருந்தும், அந்தப் பக்கம் நகரியிலிருந்தும், தெற்கே பாறசாலையிலிருந்தும் பலர் எழுதியிருக்கிறீர்கள். எல்லாக் கடிதங்களுக்கும் இடம் இல்லாததால், ஒன்றோடொன்று தொடர்புடைய சிலவற்றை மட்டும் இம்முறை எடுத்துக்கொள்கிறேன்.

எங்கள் கல்லூரித் திரைப்படக் கழகத்தில் அமெரிக்கக் கறுப்பின மக்களைப் பற்றிய படங்களைத் தொடர்ந்து பார்த்தோம். ஒவ்வொரு முறையும் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தோம். மறுநாள் விடுதியில் பேச்சு பழையபடியே இருந்தது. மனத்தில் ஊறிப்போன, ‘அவர்கள் இப்படித்தான்’ என்னும் இன முத்திரையை ஒரு கதையால் உண்மையிலேயே மாற்ற முடியுமா?
*ஒரு கல்லூரி மாணவி, சித்தூர், பாலக்காடு மாவட்டம்*

முடியும். ஆனால், அதற்கு மிகத் தெளிவான சான்று ஒரு கெட்ட கதையிலிருந்து கிடைப்பதுதான் வருத்தம். 1915ஆம் ஆண்டில் ‘ஒரு தேசத்தின் பிறப்பு’ என்ற அமெரிக்கப் பேசாப் படம் வெளிவந்தது. அது கறுப்பின ஆண்களை வெறிபிடித்தவர்களாகவும், அவர்களைக் கொன்று தொங்கவிட்ட முகமூடிக் கும்பலை நாட்டைக் காத்த வீரர்களாகவும் காட்டியது. முக்கியமான கறுப்பினப் பாத்திரங்களில் வெள்ளையர்களே முகத்தில் கருமை பூசிக்கொண்டு நடித்தார்கள். பல பத்தாண்டுகளுக்கு முன்பே ஒடுங்கிப்போயிருந்த கு கிளக்ஸ் கிளான் என்னும் அந்தக் கும்பல், படம் வந்த அதே ஆண்டில் புதிதாகத் தொடங்கப்பட்டது. ஆள் சேர்ப்பதற்கு அந்தப் படத்தையே பயன்படுத்திக்கொண்டது. கதைக்கு வலிமை இல்லை என்று இதற்குப் பிறகு யாரும் சொல்ல முடியாது.

நல்ல கதைக்கும் அதே வலிமை உண்டு என்றாலும், அது நடக்கும் வேகம் குறைவு. நடக்கும் பாதையும் நேரானதல்ல. 1940இல் ஹேட்டி மெக்டேனியல் ஆஸ்கர் விருது பெற்றார். அந்த விருதைப் பெற்ற முதல் கறுப்பினக் கலைஞர் அவர்தான். விழா நடந்த ஹோட்டல் கறுப்பினத்தாரை உள்ளே விடாத இடம் என்பதால், அவரை அனுமதிக்கவே தனியாகச் சொல்லிவைக்க வேண்டியிருந்தது. உடன் நடித்தவர்கள் ஒரு மேசையில் அமர்ந்திருக்க, விருது வாங்க வந்தவர் சுவரோரத்தில் வேறொரு சிறிய மேசையில் அமர்ந்திருந்தார். அவருக்கு விருது பெற்றுத்தந்த வேடமும் ஒரு வெள்ளையர் வீட்டுப் பணிப்பெண்ணின் வேடமே. முத்திரை அப்படியே இருக்க, அதற்குள் ஒருவர் மிக நன்றாக நடித்தார் என்பதற்குக் கிடைத்த பாராட்டு அது.

26 ஆண்டுகள் கழித்து, 1966இல், ‘ஸ்டார் டிரெக்’ என்ற தொலைக்காட்சித் தொடரில் கறுப்பின நடிகை நிஷெல் நிக்கோல்ஸ் ஒரு விண்கலத்தின் தகவல்தொடர்பு அதிகாரியாக வந்தார். முதல் ஆண்டு முடிந்ததும் அவர் தொடரை விட்டுவிட நினைத்ததையும், மார்ட்டின் லூதர் கிங் அவரைச் சந்தித்து, விலகக் கூடாது என்று வற்புறுத்தியதையும் பிற்காலத்தில் அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். அந்தப் பாத்திரத்தின் கண்ணீரையோ துன்பத்தையோ காட்டுவதற்காக அவர் அங்கே நிறுத்தப்படவில்லை. அவருக்கு ஒரு பதவி இருந்தது, செய்வதற்கு வேலை இருந்தது, அந்த வேலையை அவர் திறம்படச் செய்தார். வாரந்தோறும் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து அதைப் பார்த்த குழந்தைகளுக்கு அது நாளடைவில் வழக்கமான காட்சியாகிவிட்டது.

1977 ஜனவரியில் அடுத்தடுத்து எட்டு இரவுகள் ஒளிபரப்பான ‘வேர்கள்’ தொடரையும் இங்கே நினைத்துக்கொள்கிறேன். ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட இளைஞனைக் கட்டிவைத்துச் சாட்டையால் அடிக்கிறார்கள். அவனிடம் கேட்பதெல்லாம் ஒன்றே ஒன்றுதான்: எசமானன் வைத்த ‘டோபி’ என்ற பெயரை அவன் தன் வாயால் சொல்ல வேண்டும். குந்தா கிண்டே என்பதுதான் தன் பெயர் என்று அவன் திரும்பத் திரும்பச் சொல்கிறான். முதுகு கிழிந்த பிறகே மற்றப் பெயரை முனகுகிறான். அடிமைமுறையைப் பற்றிய ஆயிரம் பக்கப் பாடம் விளங்கவைக்காததை ஒரு பெயருக்காக நடந்த அந்தப் போராட்டம் விளங்கவைத்தது.

இத்தனை காலம் கதைகளைப் படித்தும் கற்பித்தும் நான் வந்துசேர்ந்த முடிவு இதுதான்: ஒருவருக்குப் பெயரும், பேச ஒரு மொழியும், காலையில் எழுந்ததிலிருந்து இரவு படுப்பது வரையிலான ஒரு முழு நாளும் கொடுக்கிற கதை முத்திரையை உடைக்கிறது, அவரை ஒரே ஒரு காட்சியில் சிரிப்புக்கோ இரக்கத்துக்கோ நிறுத்திவிட்டுப் போகிற கதை, எவ்வளவு நல்லெண்ணத்தோடு எடுக்கப்பட்டிருந்தாலும், முத்திரையை இன்னும் அழுத்திக் குத்துகிறது. நீங்கள் கண்ணீர் விட்டது தவறில்லை. ஆனால், இரக்கப்படுகிறவர் எப்போதும் ஒரு படி மேலேயே நிற்கிறார். அடுத்த முறை படம் முடிந்ததும், அந்தப் பெண்ணுக்கு என்ன கொடுமை நேர்ந்தது என்பதோடு நிறுத்தாமல், அவள் என்ன முடிவெடுத்தாள், எதற்குச் சிரித்தாள், யாரோடு சண்டையிட்டாள் என்றும் கழகத்தில் பேசிப் பாருங்கள். விடுதியின் பேச்சு அங்கிருந்துதான் மாறத் தொடங்கும்.

மலையாளப் படங்களில் தமிழர் என்றாலே அழுக்கு வேட்டி, கொச்சைப் பேச்சு, ‘பாண்டி’ என்ற ஏச்சு. இந்தப் படங்களை நாம் புறக்கணித்தால் என்ன?
*ஒரு வணிகர், வாளையாறு*

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. நானும் அந்த இருட்டில் உட்கார்ந்திருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் பாலக்காட்டில் ஒரு திரையரங்கில் படம் பார்த்துக்கொண்டிருந்தபோது, நெற்றி நிறைய விபூதி பூசிய ஒரு சுமைதூக்கும் தொழிலாளி திரையில் வந்து, தமிழும் மலையாளமும் அல்லாத ஏதோ ஒன்றைப் பேசி அடி வாங்கினார்; அரங்கு முழுவதும் சிரித்தது. எனக்கு இரண்டு இருக்கை தள்ளி அமர்ந்திருந்தவரும் சிரித்தார். இடைவேளையில் அவரே தட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு கடலையும் முறுக்கும் விற்கத் தொடங்கினார். பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர் என்பது என்னோடு பேசியபோது தெரிந்தது. மற்றவர்களிடம் அவர் பேசிய மலையாளத்தில் ஒரு பிசிறு இல்லை. மூன்று தலைமுறையாக இரண்டு மொழியிலும் கணக்குச் சொல்லி வாழ்கிற மனிதர் இருட்டில் அமர்ந்திருக்க, திரையில் மட்டும் தமிழருக்கு மலையாளம் வாயில் நுழையாது. நம்மைப் பற்றிய பொய் எவ்வளவு பழகிப்போயிருந்தால் நாமே அதற்குச் சிரிப்போம் என்று அன்று இரவு முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஆனால், நம் பக்கத்துக் கணக்கையும் பார்க்க வேண்டும். தமிழ்ப் படங்களில் மலையாளி ஆண் என்றால் சாயாக்கடை நாயர், இல்லையேல் மாந்திரீகர். மலையாளிப் பெண் என்றால் முண்டு உடுத்தி ஆண்களை மயக்குபவர். செவிலியராக உலகெங்கும் உழைக்கும் பெண்களை அப்படிக் காட்டியதற்கு நாம் ஒரு நாளும் வெட்கப்பட்டதில்லை. தெலுங்கு பேசுகிறவரை ‘கொல்டி’ என்று நகைச்சுவைக் காட்சியில் அழைக்கும்போதும் அதே சிரிப்புதான் எழுகிறது.

புறக்கணிப்பை நான் பரிந்துரைக்க மாட்டேன். காரணம், நம்மைப் பற்றி எழுதப்பட்ட மிக நேர்மையான நாவல்களில் ஒன்று மலையாளத்தில்தான் உள்ளது. தகழி சிவசங்கரப் பிள்ளை 1947இல் எழுதிய ‘தோட்டியின் மகன்’, ஆலப்புழை நகரில் மலவாளி சுமந்த தமிழ்த் தொழிலாளர்களின் மூன்று தலைமுறைக் கதை. இசக்கிமுத்து, அவர் மகன் சுடலைமுத்து, அவர் மகன் மோகனன். தன் பிள்ளை இந்த வாளியைத் தொடக் கூடாது என்பதற்காகச் சுடலைமுத்து பைசா பைசாவாகச் சேர்க்கிறார், அதற்காகத் தன் கூட்டத்தாருக்கே துரோகமும் செய்கிறார். பிள்ளைக்கு மோகனன் என்று பெயர் வைப்பதே அவர் நிலையில் ஓர் அத்துமீறல். கடைசியில் அந்த மகனும் அதே வாளியிடம் வந்து சேர்கிறான். ஆனால் தகப்பனைப் போலத் தலை குனிந்து வரவில்லை. தோட்டி என்றால் ஒரே அச்சு என்று நினைத்திருந்த வாசகருக்கு ஆசையும் சூழ்ச்சியும் பாசமும் குற்றவுணர்வும் கொண்ட மனிதர்களைத் தகழி காட்டினார். நாகர்கோவில்காரரான சுந்தர ராமசாமி அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். வாளையாற்றில் கடை வைத்திருக்கும் தாங்கள் அதைப் படித்துவிட்டு, கடைக்கு வரும் மலையாளி நண்பர்களுக்கும் மூலத்தைப் படிக்கச் சொல்லுங்கள்.

எங்கள் மலையைப் பாட்டுக் காட்சிகளில் பார்த்துச் சலித்துவிட்டது. கொழுந்து பறிக்கிற எங்களை மட்டும் கேமராவுக்குத் தெரிவதே இல்லை.
*தோட்டத் தொழிலாளியின் மகள், மூணாறு*

உங்கள் வரியில் கேள்வியே இல்லை, குற்றச்சாட்டு மட்டுமே இருக்கிறது. அது முழுவதும் உண்மை. தேயிலைச் செடி இடுப்பளவு உயரத்தில் கத்தரித்த கம்பளம்போல் நிற்பது இயற்கையின் வேலை அல்ல. நாள்தோறும் சில ஆயிரம் விரல்கள் அதைக் கிள்ளுவதால்தான் அது அப்படி இருக்கிறது. அந்த விரல்களை விட்டுவிட்டுப் பசுமையை மட்டும் படமெடுப்பது, நெய்தவரை மறைத்துப் புடவையைக் காட்டுவதுபோல.

2015 செப்டம்பரில் ஒன்பது நாட்கள் மட்டும் அந்த வழக்கம் தலைகீழாயிற்று. 20 விழுக்காடாக இருந்த போனஸ் 10 விழுக்காடாகக் குறைக்கப்பட்டதும், ‘பெம்பிளை ஒருமை’ (பெண்கள் ஒற்றுமை) என்ற பெயரில் தோட்டப் பெண்கள் சாலையில் அமர்ந்தார்கள். தங்களுக்காகப் பேசுவதாகச் சொல்லிவந்த தொழிற்சங்கத் தலைவர்களையும் அருகில் வரவிடவில்லை. கேரளத்தின் செய்தித் தொலைக்காட்சிகள் எல்லாம் மலை ஏறின. அதுவரை தமிழ்த் தோட்டப் பெண் என்றால் வாய் பேசாதவர், சங்கம் சொல்லும் பக்கம் கை தூக்குபவர் என்று நினைத்திருந்த மாநிலம், கொழுந்துக் கூடைக்கு எத்தனை கிலோ, ஒரு நாள் கூலியான 232 ரூபாயில் எது எதற்குப் போகிறது என்று தமிழிலேயே கணக்குச் சொன்ன பெண்களைப் பார்த்து வாயடைத்துப்போயிற்று. 20 விழுக்காடு கிடைத்தது. 500 ரூபாய்க் கூலி கிடைக்கவில்லை. பிறகு அது 301 ரூபாயில் நின்றது.

கேமராக்களும் இறங்கிப்போய்விட்டன. அடுத்து அவை பெருமளவில் வந்தது 2020 ஆகஸ்டில், பெட்டிமுடியில் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களின் மேல் மலை சரிந்து 70 பேர் மாண்டபோதுதான். போராட்டத்திலும் சாவிலும் மட்டும் ஒரு சமூகத்தைப் பார்ப்பதும் ஒருவகை முத்திரையே. லயத்தின் ஒற்றை அறையில் அதிகாலையில் அடுப்புப் பற்றவைத்து, பிள்ளையை எழுப்பி, மஸ்டர் என்னும் காலை வருகைப் பதிவுக்கு ஓடும் உங்கள் தாயின் சாதாரண நாளை, எதுவும் நடக்காத ஒரு நாளை, எழுதுவதற்கு உங்களைவிடத் தகுதியானவர் வெளியிலிருந்து வரப்போவதில்லை. எழுதி அனுப்புங்கள், இந்தப் பக்கத்தை அதற்குத் தருகிறேன்.

செய்தித்தாள்களின் சொற்களைப் பற்றியும் எழுதுங்களேன். எங்கள் பகுதியில் தமிழ் பேசும் கூலியாள் கைதானால் ‘செம்மரக் கடத்தல்காரர்’ என்ற சொல்தான் முதலில் வருகிறது, பெயர் பிறகுதான். தெலுங்கில் இதற்கு மாற்றாக ஏதேனும் குரல் உண்டா?
*ஓர் ஆசிரியர், நகரி, ஆந்திரம்*

2015 ஏப்ரல் 7 அன்று திருப்பதியை அடுத்த சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி 20 தமிழ்க் கூலியாட்களை ஆந்திரக் காவல்துறை சுட்டுக் கொன்றபோது நாங்களும் இதைக் கண்டோம். மரம் வெட்டுவது சட்டப்படி குற்றம்; ஆனால், வெட்டக் கூட்டிச்செல்லப்படும் மலைக் கிராமத்துக் கூலியையும், கப்பலில் ஏற்றி விற்பவரையும் ஒரே சொல்லால் அழைக்கும் தலைப்பு, விசாரணைக்கு முன்பே தீர்ப்பு எழுதிவிடுகிறது. ‘கூலியாட்கள்’ என்று எழுதிய தாளைப் படித்தவரும் ‘கடத்தல்காரர்கள்’ என்று எழுதிய தாளைப் படித்தவரும் அன்று இரண்டு வெவ்வேறு நிகழ்வுகளைப் படித்தார்கள்.

தெலுங்கில் குரல் உண்டு, அதுவும் உரத்த குரல். குர்ரம் ஜாஷுவா 1941இல் ‘கப்பிலம்’ என்ற காவியம் எழுதினார். கப்பிலம் என்றால் வௌவால். மேகத்தையும் அன்னத்தையும் தூது விட்ட மரபில், தீண்டாமைக்கு உள்ளான ஓர் ஏழை தன் துயரைக் காசியில் உள்ள சிவனிடம் சொல்ல வௌவாலைத் தூது அனுப்புகிறான். ஏன் வௌவால்? அவன் நுழைய முடியாத கருவறைக்குள் அது தாராளமாகப் போய்த் தொங்கும். தீங்கின் சின்னமென்று எல்லோரும் விரட்டும் ஓர் உயிருக்குக் கோயிலில் இடம் உண்டு, மனிதனுக்கு இல்லை. சாதியும் இனமும் ஒன்றல்ல என்பதை அறிவேன்; ஆனால், ஒருவரைப் பார்ப்பதற்கு முன்பே அவரைப் பற்றி முடிவுசெய்துவிடும் பழக்கம் இரண்டுக்கும் பொது. உங்கள் வகுப்பில் தமிழ்ப் பிள்ளைகளும் தெலுங்குப் பிள்ளைகளும் சேர்ந்து இருந்தால், தூது என்னும் இலக்கிய வகையை இந்த வௌவாலிலிருந்தே தொடங்கலாம்.

ஏழு வயது மகள், தன் பொம்மைகள் எல்லாம் வெள்ளையாக இருக்க, தான் மட்டும் ஏன் கறுப்பு என்று கேட்கிறாள். என்ன பதில் சொல்வது?
*ஒரு தாய், பாறசாலை*

இதே கேள்வி 1940களில் அமெரிக்காவில் ஆய்வாயிற்று. கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற உளவியலாளர் தம்பதி, நிறம் தவிர மற்ற எல்லாவற்றிலும் ஒன்றுபோல் இருந்த பொம்மைகளைக் கறுப்பினக் குழந்தைகளின் முன் வைத்து, எது நல்ல பொம்மை, எது கெட்ட பொம்மை என்று கேட்டார்கள். பெரும்பாலான குழந்தைகள் வெள்ளைப் பொம்மையை நல்லது என்றார்கள். பிறகு, உன்னைப்போல் இருப்பது எது என்று கேட்டபோது சில குழந்தைகள் அழுதுகொண்டே அறையை விட்டு ஓடின. பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954இல் அளித்த தீர்ப்பு இந்த ஆய்வையும் மேற்கோள் காட்டியது.

நம் ஊரில் பொம்மைக்கு முன்பே நம் பேச்சு அந்த வேலையைச் செய்துவிடுகிறது. ‘கறுப்பாக இருந்தாலும் களையான முகம்’ என்று எத்தனை முறை பாராட்டாகச் சொல்லியிருக்கிறோம்! அந்த ‘இருந்தாலும்’ என்ற சொல்லில்தான் முழு நஞ்சும் இருக்கிறது. 2020இல் ஒரு பெரிய நிறுவனம் தன் முகப்பூச்சின் பெயரான ‘ஃபேர் அண்ட் லவ்லி’யிலிருந்து ‘ஃபேர்’ என்பதை எடுத்துவிட்டு ‘க்ளோ’ என்று மாற்றியது. நம் வாயிலிருந்து ‘இருந்தாலும்’ இன்னும் போகவில்லை.

என் ஆசிரியப் பணிக் காலத்தில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆண்டு விழா நாடகத்தில் கூலிக்காரர் வேடம் எப்போதும் தமிழ்ப் பிரிவு மாணவர்களுக்கே போகும். மேடையேறுவதற்கு முன் அவர்கள் முகத்தில் கரி பூசுவார்கள். நானும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஓர் ஆண்டு ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, கரி தொட்ட விரல் தன் கன்னத்தருகே வந்ததும் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டு, “எங்க அப்பாவும் கூலி வேலைக்குத்தான் சார் போறாங்க, அவங்க கரி பூசிக்கிறதில்லையே” என்றாள். பூச வந்த ஆசிரியை கரியைக் கீழே வைத்துவிட்டார். அந்த ஆண்டிலிருந்து யாருக்கும் பூசவில்லை. உங்கள் மகளிடம் விளக்கம் எதுவும் சொல்லாமல், அவள் நிறத்தில் உள்ள இளவரசியின் கதையை, நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாத கதையை, தினமும் இரவில் சொல்லுங்கள். கூடவே வீட்டில் யார் ‘இருந்தாலும்’ என்று சொன்னாலும் அங்கேயே தடுத்துவிடுங்கள்.

மலையாள சினிமாவின் முதல் நாயகி எங்கள் ஊரில் வாழ்ந்தார் என்கிறார்களே, உண்மையா?
*ஒரு வாசகர், நாகர்கோவில்*

உண்மை. இன்றைய குமரி மாவட்டத்து அகஸ்தீஸ்வரத்தில் பிறந்த ஜே.சி. டேனியல் எடுத்த ‘விகதகுமாரன்’ மலையாளத்தின் முதல் படம், பேசாப் படம். அதில் ஒரு நாயர் பெண்ணாக நடித்தவர் பி.கே. ரோசி என்ற தலித் பெண். ஒரு தலித் பெண் நாயர் பெண்ணாகத் திரையில் தோன்றியதைப் பொறுக்காத ஆதிக்கச் சாதியினர் திருவனந்தபுரத்தில் திரையைக் கல்லெறிந்து கிழித்தார்கள். அவர் குடிசையைக் கொளுத்தினார்கள். படத்தின் தொடக்கக் காட்சிக்கே அவரை உள்ளே விடவில்லை என்பதால், தம் முகத்தைத் திரையில் அவர் பார்க்கவே இல்லை. எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக்கு வந்து, ஒரு லாரி ஓட்டுநரை மணந்து, ராஜம்மாள் என்ற பெயரில் உங்கள் பக்கத்தில் வாழ்ந்து முடித்தார். படச்சுருளும் மிஞ்சவில்லை. குந்தா கிண்டேயின் பெயரைச் சாட்டை பறித்தது. ரோசியின் பெயரைத் தீ பறித்தது. 1992 முதல் கேரள அரசு டேனியலின் பெயரால் விருது வழங்குகிறது. ரோசியின் பெயரை மீட்டெடுத்தவர்கள், பல ஆண்டுகள் கழித்துத் தேடி அலைந்த எழுத்தாளர்களும் திரைப்படக்காரர்களும்தான்.

எங்கள் தெருவைப் பற்றிக் கைப்பேசியிலேயே குறும்படம் எடுக்க ஆசை. எங்கிருந்து தொடங்குவது?
*ஒரு பள்ளி மாணவர், கோபாலபுரம்*

உங்கள் சோதனைச்சாவடி அருகே அதிகாலையில் இளநீர் வண்டி தள்ளிவரும் பெரியவரிடமிருந்தோ, பக்கத்து வீட்டுக்கு வேலைக்கு வந்திருக்கும் வங்காளத் தொழிலாளியிடமிருந்தோ தொடங்குங்கள். முதல் நாள் கைப்பேசியை எடுக்க வேண்டாம். ‘பாயி’ என்றும் ‘பெருசு’ என்றும் ஊரே அழைப்பவரிடம் அவருடைய பெயரைக் கேளுங்கள். எப்படிக் கூப்பிட்டால் அவருக்குப் பிடிக்கும் என்றும் கேளுங்கள். இரண்டாம் நாள் விடியற்காலை நான்கு மணிக்குப் போய், அவர் கடை கட்டும் வரை கூடவே இருங்கள். நடுவில் அவர் உங்களைப் பற்றி ஏதாவது கேட்டால், அந்தக் கேள்வியையும் படத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.